ஈரத்தில் கருப்பு

முராகாமி
12 ஏப்ரல் 1996

அன்பு மகள் சிஹோவுக்கு,

கடிதத்தைப் பருவத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. சரி. பனி முழுக்கக் கரைந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. உன் அம்மா வாசலில் வைத்த கமேலியா பூத்துக் கொட்டுகிறது, பெருக்கி மாளவில்லை. பருவம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

இதைக் கோயில் நோட்டீஸ் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிடாதே. எழுதியது நான்தான். உன் அப்பா அறுபத்தேழு வயதில் பிரஷ் எழுத்து படிக்கச் சேர்ந்திருக்கிறான்.

சிரிக்காதே. பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக் கல்யாணம் வந்தது. பரிசு உறையில் பெயர் எழுத வேண்டும். நாற்பது வருஷமாகக் கல்யாண உறை, சாவு உறை, புத்தாண்டு வாழ்த்து எல்லாமே உன் அம்மா கைதான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கூடப் போனால் போதும். இப்போது அவளும் இல்லை. கடைசியில் உறை விற்ற கடைப் பெண்ணிடமே எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். எழுதினாள். எழுதிவிட்டு, "ஏன் தாத்தா, சொந்தப் பேரைக்கூட நீங்க எழுத மாட்டீங்களா?" என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் சுட்டது.

வியாழக்கிழமை காலையில் ஊர்ச் சமூகக் கூடத்தில் வகுப்பு. ஆறு பெண்கள், நான் ஒரு ஆண். டீச்சர் பெயர் ஹோஸுமி. உன்னைவிட ஐந்து வயது மூத்தவளாக இருப்பாள், வாய் மட்டும் ஐம்பது வயது. முதல் நாள் நான் பிரஷ்ஷைப் பிடித்ததைப் பார்த்து, "இகராஷி சார், அது ஸ்டியரிங் இல்ல. பிடியை விடுங்க, ஓடிப் போயிடாது" என்றாள். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்த் தெருவெல்லாம் வண்டியில் பனி தள்ளியவன் நான். வெள்ளைத் தாளில் ஒரு கோடு நேராகப் போட வரவில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு கோடுதான்.

மாதம் ஒரு கடிதம் பிரஷ்ஷில் எழுதி யாருக்காவது அனுப்ப வேண்டுமாம். வேறு யாருக்கு எழுதுவேன்? போனில் எனக்கு 'ம்' தவிர எதுவும் வராது என்பது உனக்கே தெரியும். பதில் போடு. அம்மா கல்லறைக்கு நீ மார்ச்சில் வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா


ஹிரோசாகி
5 மே 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியதிலேயே எல்லாம் சொல்லிவிட்டீர்கள்! மார்ச்சில் வராததற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது வீடே கூடிவிட்டது. நான்கு முறை படித்தும் இரண்டு வரி புரியவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கரடி பனியில நடந்த மாதிரி இருக்கு. ஆனா நேரா நடந்திருக்கு" என்றார். அத்தை வாயிலிருந்து வந்த பாராட்டு இது. நான் கல்யாணமாகி வந்து எட்டு வருஷத்தில் என் சமையலுக்குக்கூட இவ்வளவு கிடைத்ததில்லை. உங்கள் மாப்பிள்ளை கோஹெய் கடிதத்தைச் சாமி அலமாரிப் பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்களிடம், "எங்க மாமா கை" என்கிறார்.

கோட்டைப் பூங்காவில் பூப் பார்க்க வந்த கூட்டம் இன்றோடு கலைகிறது. எங்கள் ஆப்பிள் தோட்டத்தில் இன்னும் ஒரு வாரத்தில் பூ விரியும். எனக்கு இந்த வருஷம் ஏணி ஏறத் தடை.

காரணம் இதுதான். எனக்கு மூன்றாம் மாதம். நவம்பர் கடைசியில் என்கிறார் டாக்டர். எட்டு வருஷத்துக்கு அப்புறம், அப்பா. மார்ச்சில் நாள் தள்ளியதுமே பயணம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா இருந்திருந்தால் பிரசவத்துக்கு உங்களிடம்தான் வந்திருப்பேன்.

இன்னொன்று. பிள்ளை பிறந்த ஏழாம் நாள் பெயரை எழுதிச் சுவரில் மாட்டுவோமே, அந்தப் பெயர்த்தாளை இந்த வீட்டில் கோஹெயின் அப்பா எழுதியிருக்க வேண்டும். அவர்தான் போய்விட்டாரே. நேற்றுச் சாப்பிடும்போது அத்தையே சொன்னார்: "உங்கப்பாதான் எழுதக் கத்துக்கறாரே. அவரே எழுதட்டும். நவம்பருக்குள்ள கரடி மனுஷனாயிடும்." விளையாட்டாகச் சொன்னாலும் அது பெரிய விஷயம், அப்பா. வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட சால்மன் மட்டும் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சிஹோ


முராகாமி
14 ஜூன் 1996

அன்பு மகளுக்கு,

மழைக்காலம் வந்துவிட்டது. தாளெல்லாம் நமுத்துப் போகிறது.

உன் கடிதத்தை அம்மா படத்துக்கு முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்தேன். முடித்ததும் இன்னொரு தரம் படித்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

வகுப்பில் எதற்கு அவசரப்படுகிறீர்கள் என்று டீச்சர் கேட்டாள். பேரப்பிள்ளைக்குப் பெயர்த்தாள் எழுத வேண்டும் என்றேன். பக்கத்தில் உட்காரும் சகாஸுமே அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது, பதினாறு வருஷமாகப் படிக்கிறாள். அவள் சொன்னாள்: "இந்தக் கையெழுத்தைப் பாத்தா புள்ள திரும்ப உள்ள போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அன்றையிலிருந்து டீச்சர் என்னை மட்டும் விடுவதில்லை. நான் எழுதிய தாளின்மேல் அவள் சிவப்பு மையில் திருத்துவாள். போன மாதம் என் தாள் அறுத்த மீன் மாதிரி இருந்தது. இப்போது சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஒரு கோடு கோணலாகிவிட்டால் மேலே இன்னொரு தரம் தீட்டிச் சரிசெய்யப் பார்ப்பேன். அது இந்தக் கலையில் கூடவே கூடாதாம். "போட்டது போட்டதுதான் சார். கெட்டுப் போச்சா, புதுத் தாள் எடுங்க. அதைப் போய் நோண்டாதீங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். புதுத் தாள் எடுத்து எடுத்து வீடு நிறையத் தாள். அடுப்பு பற்றவைக்க இரண்டு குளிர்காலத்துக்குப் போதும்.

வகுப்பில் புட்டி மைதான். பெயர்த்தாளை மட்டும் அப்படி எழுத மாட்டேன். உன் அம்மாவின் மைக்கல்லை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். அவள் பாதி தேய்த்த மைக்கட்டியும் டப்பாவில் இருக்கிறது. அதை என் கையால் அரைத்துத்தான் எழுதுவேன். கடை மையில் எழுதிப் பேரப்பிள்ளைக்கு அனுப்ப நான் என்ன ஆபீஸ் கிளார்க்கா?

பெயர் முடிவானால் முன்கூட்டியே சொல். யாரிடமும் சொல்ல மாட்டேன். பழக நாள் வேண்டும்.

ஏணிப் பக்கமே போகாதே.

அப்பா


ஹிரோசாகி
2 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. கால் வீங்கி, கோஹெயின் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

பெண் பிள்ளையாம். பெயர் 'சாயோ'. இரண்டே எழுத்து, வேறு தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் எழுத்தின் இடது பக்கம் நீர்த்துளி மாதிரி மூன்று சின்னக் கோடு வரும், உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தேதான் வைத்தோம். இல்லை, விளையாட்டுக்குச் சொன்னேன். ஆற்றங்கரை மணலைக் குறிக்கிற எழுத்து. நான் வளர்ந்த ஊரை அவள் பெயரில் கொஞ்சமாவது வைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

அவள் உதைக்கிறாள், அப்பா. அத்தை வானொலியில் பாட்டு வைத்தால் நிறுத்திவிடுகிறாள். அத்தைக்கு அதில் ஒரே பெருமை, "என் பேச்சைக் கேக்கற ஒரே ஆளு இவதான்" என்கிறார்.

எனக்கு ஒரு பயமும் இல்லை. சில நாள் மட்டும் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் எழுதுகிறேன்.

சிஹோ


முராகாமி
13 செப்டம்பர் 1996

சிஹோ கண்ணு,

பருவம் கிருவம் ஒன்றும் எழுதப் போவதில்லை.

கோஹெய் போன் பண்ணினான். பதினோரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாளா? ஒரு கிலோ நூறு கிராமா? நான் பிடித்த சால்மனில் எதுவும் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை நீட்டினால் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று சொன்னான்.  நான் போனில் 'ம்' என்றேன். மன்னித்துக்கொள், அவ்வளவுதான் வந்தது.

உடனே ரயில் ஏறலாம் என்றுதான் கிளம்பினேன். இப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை, பெயர்த்தாள் மட்டும் பதினாறாம் தேதிக்குள் வந்தால் போதும் என்றான். அது என் வேலை. நவம்பர் வரை நாள் இருக்கிறது என்று நினைத்து அசந்திருந்தேன்.

நேற்று முழுக்கப் புட்டி மையில் பழகினேன். நாற்பத்துமூன்று தாள். முப்பதுக்கு மேல்தான் மூன்று துளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இன்று காலை குளித்து, அம்மாவுக்கு விளக்கேற்றிவிட்டு, அவளுடைய மைக்கல்லில் தண்ணீர் விட்டு அரைத்தேன். கை வலிக்க வலிக்க அரைத்தேன். நல்ல கருப்பாக வந்தது. பெயர்த்தாளுக்கென்று வாங்கி வைத்திருந்த கெட்டித் தாளில் ஒரே தடவைதான் எழுதினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. பளபளவென்று நின்றது. காலைத் தபால் கிளம்பிவிடும் என்று, ஈரம் கொஞ்சம் அடங்கியதும் மெல்லிய தாளை மேலே போட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் பார்த்திருந்தால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்க மாட்டாள்.

அவள் பெரிய பெண்ணாகி இதைப் பார்த்து, தாத்தா கிறுக்கல் என்று சிரிக்கட்டும். நீ சாப்பிடு. சாப்பிட்டால்தான் பால் வரும்.

சாயோவின் தாத்தா


ஹிரோசாகி
18 செப்டம்பர் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

பெயர்த்தாள் சரியாகப் பதினாறாம் தேதி காலையில் வந்தது. எழுத்து எவ்வளவு அழகு, அப்பா. உங்கள் கையா இது என்று ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன்.

ஒரு விஷயம் இருக்கிறது. உங்களிடம் மறைத்தால் பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வரும். அதனால் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மை வெளிறிப்போய் இருந்தது. சாம்பல் நிறம். சாவு உறையில் எழுதுவோமே, கண்ணீர் விழுந்து மை கரைந்த மாதிரி, அந்த நிறம்.

சுருளைப் பிரித்தது அத்தைதான். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கோஹெயைப் பார்த்து, "இதை எப்படிடா மாட்டறது?" என்றார்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"உன் கண்ணுல கோளாறா? இது எந்த மைன்னு தெரியல? புள்ள பெட்டியில கெடக்குது. இப்பப் போய் இந்த மைல..."

"மாமா வேணும்னா பண்ணியிருப்பாரு? கத்துக்கற ஆளும்மா அவரு."

"நான் அவரைக் குத்தம் சொல்லல. மாட்ட வேணாம்னுதான் சொல்றேன்."

நான்தான் மாட்டினேன், அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நாற்காலி மேல் ஏறி நானே மாட்டினேன். எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. அத்தை அந்த அறைக்குள் வருவதில்லை.

சாயோ நாற்பது கிராம் கூடியிருக்கிறாள்.

சிஹோ


முராகாமி
22 செப்டம்பர் 1996

சிஹோவுக்கு,

உன் கடிதம் வந்ததும் அதே கல்லில், அதே மைக்கட்டியை, அன்று அரைத்த அளவே அரைத்து, மீந்திருந்த தாளில் ஒரு கோடு போட்டேன். கருப்பாகத்தான் இருந்தது. எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. தேநீர் ஆறும் நேரத்துக்குள் முழுக்கச் சாம்பலாகிவிட்டது.

டீச்சரிடம் ஓடினேன். வகுப்பு நாள் இல்லை, வீட்டுக்கே போனேன். அவள் தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஈரத்துல எல்லா மையும் கருப்புதான் சார். காஞ்ச பிறகுதான் தெரியும். அதை நான் உங்களுக்குச் சொல்லவே இல்ல. புட்டி மைல எழுதறவருக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். கட்டி மையைக் குறைந்தது ஒரு மணி நேரம் அரைக்க வேண்டுமாம். நான் இருபது நிமிஷம் அரைத்திருப்பேன். அவள் மேல் தப்பில்லை. புட்டி மையிலேயே எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நான்தான் பெரிதாகச் செய்யப் போனேன்.

இதோடு வேறொன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். புட்டி மை. ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, டீச்சரிடமும் காட்டிய பிறகுதான் சுருட்டினேன். பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டு. பழையதைக் கிழித்துப்போட்டுவிடு, எனக்கு வருத்தமில்லை.

உன் மாமியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். தலை குனிந்து கேட்டேன் என்று சொல்.

அப்பா


ஹிரோசாகி
12 அக்டோபர் 1996

அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டாவது தாளை மாட்டவே இல்லை. "ஒரு புள்ளைக்கு ரெண்டு தடவை பேர் வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை அதை அலமாரியில் வைத்துவிட்டார். அந்த வெளிறின தாளின் கீழேதான் சாயோவின் சவப்பெட்டி இருந்தது. நீங்களே பார்த்தீர்கள்.

இருபத்துநான்கு நாள் இருந்தாள். ஒரு நாள்கூட இந்த வீட்டுக்கு வரவில்லை. முதல் தடவை வந்தது அன்றுதான்.

நீங்கள் அந்த மையில் எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் காத்திருந்து பார்த்திருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதினேன். இப்போது எதை நம்புகிறேன், எதை நம்பவில்லை என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். உறை மேல் இருக்கிற முகவரியைப் பார்த்தால்கூட.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

சிஹோ


முராகாமி
25 நவம்பர் 1996

சிஹோவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். பேனாவில் எழுதுகிறேன், முகவரியைத் தபால் ஆபீஸ் பெண்ணைக்கொண்டு எழுதவைத்தேன். அதனால் பிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தொன்பதாம் நாளுக்கு நான் வரவில்லை. அன்று இங்கே கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

சாவன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. வாசலில் வந்தவர்கள் பெயர் எழுதும் புத்தகம் வைத்திருந்தார்கள், பக்கத்தில் பிரஷ். எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். என் பெயரை எழுத முடியவில்லை. பின்னால் கோஹெயின் பெரியம்மா யாரிடமோ சொன்னார், "இவர்தான் அந்த மைல எழுதினவரு." சொன்னவர் மெதுவாகத்தான் சொன்னார். பிரஷ்ஷை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்காது. தாத்தா வரவில்லை என்று நினைத்துவிடாதே.

நீ என்னைத் திட்டலாம். போன் பண்ணித் திட்டு, நான் 'ம்' மட்டும் சொல்லுவேன். இந்த மாதிரி பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. உன் அம்மா போனாள், குழந்தை போனாள். நீயும் போய்விட்டால் எனக்கென்று யாரும் கிடையாது. இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அப்பா


முராகாமி
20 மார்ச் 1997

சிஹோவுக்கு,

அம்மா கல்லறையைக் கழுவிவிட்டு வந்தேன். போன வருஷம் நீ வரவில்லை என்று முணுமுணுத்தேனே, இந்த வருஷம் அதற்குக்கூட வாய் வரவில்லை.

வகுப்பை விட்டுவிட்டேன். இரண்டு மாதமாக ஹோஸுமி டீச்சர் வியாழக்கிழமை தோறும் வாசலில் வந்து கூப்பிட்டாள். போன வாரம் சகாஸுமே அம்மாளையும் கூட்டி வந்துவிட்டாள். "நீங்க இல்லாம எனக்குத் திட்ட ஆளே இல்ல" என்றது கிழவி. கதவைத் திறந்து தேநீர் கொடுத்தேன். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரஷ்ஷை எடுத்தால் கை கனக்கிறது.

கோஹெய் புத்தாண்டுக்கு முன்னால் போன் பண்ணினான். நீ சாப்பிடுகிறாய், தோட்டத்துக்குப் போகிறாய், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்றான். அது போதும் என்று வைத்துக்கொண்டேன். போதவில்லை.

பெட்டியில் கொஞ்சம் தேயிலை அனுப்பியிருக்கிறேன். பதில் வேண்டாம்.

அப்பா


ஹிரோசாகி
2 செப்டம்பர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று தபால் ஆபீஸுக்கே வந்து, இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் படித்தேன். பல தடவை. தேயிலையையும் குடித்தேன். பதில் போட எனக்கு முகம் இல்லை.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் சாயோவின் தலைக்குள் ரத்தம் கசிந்து ஒரு தடவை அறுத்தார்கள். அக்டோபர் இரண்டாம் தேதி மறுபடி கசிந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னொரு தடவை அறுத்துப் பார்க்கலாம், பிழைக்கும் என்று சொல்ல முடியாது, பிழைத்தாலும் எதுவும் தெரியாமல்தான் இருப்பாள் என்றார். நல்ல மனுஷர், அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் குழாயெல்லாம் எடுத்துவிட்டு நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கோஹெய் பேனாவை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். "என்னால முடியல சிஹோ" என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வேண்டாம் என்ற இடத்தில் போட்டேன், அப்பா. மறுநாள் காலையில் அவளை என்னிடம் கொடுத்தார்கள். முதல் தடவையாகத் துணியில் சுற்றி, குழாய் இல்லாமல். இரண்டு மணி நேரம் மடியில் இருந்தாள். அவ்வளவு கதகதப்பாக இருந்தாள்.

அறுத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று தினமும் எழுந்ததும் நினைக்கிறேன். அவளைத் தூக்க வேண்டும் என்ற ஆசையில் போட்டேனோ என்றும் நினைக்கிறேன். அத்தைக்கு இது தெரியாது. தானாகப் போய்விட்டாள் என்றே நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மையைப் பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மையைப் பேசும்வரை என்னைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று தோன்றியது. பிறகு நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். நம்பினால் கொஞ்சம் தூங்க முடிந்தது. அதனால்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

என் பிள்ளை உங்கள் மையினால் சாகவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷ நினைவு. அன்று எல்லோரும் இருக்கும்போது எழுந்து சொல்லிவிடப் போகிறேன். உங்கள் மேல் விழுந்த பழியை நானே எடுக்க வேண்டும். நீங்கள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சிஹோ


முராகாமி
5 செப்டம்பர் 1997

சிஹோ கண்ணு,

வருகிறேன். இருபத்தேழாம் தேதி 'இனாஹோ' ரயிலில், சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே இருப்பேன்.

நீ எழுந்து எதையும் சொல்லக் கூடாது. இது அப்பா சொல்வது, கேட்டுக்கொள். உன் மாமியார் நல்லவள், ஆனால் அந்த வீட்டில் நீ இன்னும் நாற்பது வருஷம் வாழ வேண்டும். அறுத்துப் பார்த்திருக்கலாமே என்று ஒருத்தர் சொன்னாலும், ஒரு தடவை சொன்னாலும், நீ தாங்க மாட்டாய். எனக்கு அறுபத்தெட்டு வயது. அந்த ஊருக்கு வருஷம் ஒரு தடவை வந்து போகிறவன். என்னைப் பேசுகிறவர்கள் பேசட்டும், எனக்கு அது ஒரு சுமையே இல்லை. நீ என்னைவிட்டுப் போனதுதான் சுமை. அது இன்று தபாலில் இறங்கிவிட்டது.

மடியில் வாங்கிக்கொண்டாயே, அது தப்பில்லை. நான் இருந்திருந்தால் கோஹெய் வைத்துவிட்டுப் போன பேனாவை எடுத்து உனக்கு முன்னால் என் பெயரை எழுதியிருப்பேன். உன் அப்பாவின் கையெழுத்தும் அந்தத் தாளில் இருப்பதாகவே வைத்துக்கொள். அப்படி நினைத்துக்கொண்டே தூங்கு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உன் கடிதத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு யாராவது கேட்டால், அப்பாவின் மைதான் என்று சொல். நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா